வீட்டுக் கராஜுக்குக் கருவிகள் வாங்குவது எப்படி? டர்பன் பகுதியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் பகுதியில் உள்ள சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், மெர்பேங்க், டோங்காட் போன்ற ஊர்களில் நம்மவர் வீடுகளில் கராஜ் இல்லாத வீடு குறைவு. அதில் வண்டி நிற்கிறதோ இல்லையோ, கல்யாணப் பாத்திரங்களும் பழைய நாற்காலிகளும் நிச்சயம் இருக்கும். அந்த இடத்தை ஒழித்து, தம் வண்டியைத் தாமே பராமரிக்கத் தொடங்குவோர் கேட்கும் கேள்விகளையும், வீட்டிலேயே பல ஆண்டுகளாக வண்டி வேலை செய்துவரும் அனுபவத்தில் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன்.

கையில் பணம் குறைவு. முதலில் எதை வாங்க வேண்டும்?

வண்டியைத் தூக்குவதற்கும் தாங்குவதற்கும் தேவையானவற்றை முதலில் வாங்குங்கள். வண்டியைத் தூக்க ஒரு நல்ல ட்ராலி ஜாக், தூக்கிய வண்டியைத் தாங்கி நிற்க ஒரு ஜோடி ஆக்சில் ஸ்டாண்ட், சக்கரத்துக்கு முட்டுக்கொடுக்கும் இரண்டு கட்டைகள் ஆகியவை வந்த பிறகுதான் மற்றவை. பலரும் கண்ணைக் கவரும் நூற்றைம்பது உருப்படிப் பெட்டியை முதலில் வாங்கிவிட்டு, வண்டியோடு வந்த கத்தரி ஜாக்கியின் மேல் வண்டியை நிறுத்தி அடியில் படுக்கிறார்கள். அந்த ஜாக்கி சாலையோரத்தில் சக்கரம் மாற்றுவதற்காக மட்டுமே கொடுக்கப்பட்டது. ஸ்பானர் நழுவினால் விரல் தோல் உரியும், ஆனால் ஜாக்கி நழுவினால் உயிர் போகும். ஆகவே செலவைக் குறைக்க நினைப்பவர் இந்த ஒரு இடத்தில் மட்டும் குறைக்க வேண்டாம் என்று மன்றாடியே சொல்கிறேன்.

எத்தனை டன் ஜாக், எத்தனை டன் ஸ்டாண்ட் வாங்குவது?

உங்கள் வண்டியின் எடையையும் உயரத்தையும் சேர்த்தே இதைத் தீர்மானிக்க வேண்டும். கொரோலா போன்ற கார் ஏறத்தாழ 1,200 முதல் 1,300 கிலோ எடையுள்ளது. ஜாக் ஒரே நேரத்தில் வண்டியின் ஒரு முனையைத்தான் தூக்குகிறது என்பதால் அதற்கு 2 டன் ஜாக் போதும். ஹைலக்ஸ், ரேஞ்சர் போன்ற பக்கி, அதாவது பிக்கப் வண்டி, வைத்திருப்பவர் 3 டன் ஜாக் வாங்க வேண்டும், ஏனெனில் இரட்டைக் கேபின் வண்டி 2,000 கிலோவைத் தாண்டுவதுண்டு. எடையை விடவும் பக்கிக்காரர்களை ஏமாற்றுவது உயரம்தான். சாதாரணக் காருக்கான ஜாக் முழுதும் எழும்பிய பிறகும் பக்கியின் சக்கரம் தரையை விட்டுக் கிளம்பாமல் நிற்கும்; மேலே மரத்துண்டு வைத்து உயரத்தைக் கூட்டும் பழக்கம் அப்போதுதான் தொடங்குகிறது. அது ஆபத்தான பழக்கம்.

இதற்கு நேர்மாறான சிக்கல், ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்திய ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் கார் வைத்திருக்கும் இளைஞர்களுக்கு உண்டு. வழக்கமான ட்ராலி ஜாக்கின் தலை மிகக் கீழே இறங்கிய நிலையிலும் 13 சென்டிமீட்டர் அளவுக்கு உயரமாக இருப்பதால் அது வண்டியின் அடியில் நுழையாது. 8 முதல் 10 சென்டிமீட்டர் வரை தாழும் ஜாக் என்று கேட்டு வாங்குங்கள்.

ஸ்டாண்ட் வாங்கும்போது அதன் மேல் எழுதியிருக்கும் எடை ஒன்றுக்கா ஜோடிக்கா என்று படித்துப் பாருங்கள். சில தயாரிப்பாளர்கள் ஜோடிக்கான எடையைப் பெரிய எழுத்தில் அச்சிடுகிறார்கள். காருக்கு 3 டன் ஜோடியும், பக்கிக்கு உயரம் கருதி 6 டன் ஜோடியும் வாங்குவதே என் பரிந்துரை. கால்கள் அகன்று இருக்கட்டும். பற்சக்கரப் பிடியோடு குறுக்கே செருகும் பூட்டு ஊசியும் இருக்கட்டும். வண்டியை இறக்கி வைத்த பிறகு பக்கவாட்டில் பலமாக ஒருமுறை தள்ளிப் பார்த்து, அசையவில்லை என்று தெரிந்த பின்னரே அடியில் போக வேண்டும். கொரோலாவுக்கும் போலோவுக்கும் பக்கவாட்டு விளிம்பில் தூக்குவதற்கென்றே வலுவூட்டிய இடங்கள் உண்டு. அங்கே நடுவில் பள்ளம் வெட்டிய ரப்பர் துண்டை இடையில் வைக்காவிட்டால் தகடு மடங்கிவிடும். ஹைலக்ஸுக்கு ஏணி வடிவச் சட்டம் இருப்பதால் இந்தக் கவலை இல்லை.

சிமென்ட் கல்லை அடுக்கி அதன் மேல் நிறுத்தினால் என்ன?

கூடாது. சிமென்ட் கல் சுவரில் பரவலாக வரும் பாரத்தைத் தாங்கும். ஒரு புள்ளியில் இரும்பு அழுத்தும்போது எச்சரிக்கையே இல்லாமல் ஒரே நொடியில் நொறுங்கும். தார் போட்ட முற்றத்தில் வேலை செய்பவர்கள் இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும்: டிசம்பர் வெயிலில் தார் இளகி ஸ்டாண்டின் கால்கள் மெல்ல இறங்கும். கீழே தடித்த பலகை போடுங்கள்.

எந்த அளவு ஸ்பானர்களும் சாக்கெட்டுகளும் தேவைப்படும்?

இதைக் கடையில் உள்ள பெட்டி தீர்மானிக்கக் கூடாது, உங்கள் வண்டி தீர்மானிக்க வேண்டும். நம் வீதிகளில் ஓடும் வண்டிகளில் பெரும்பகுதி இரண்டு குடும்பங்களைச் சேர்ந்தது. ஒன்று, இங்கே டர்பனின் ப்ராஸ்பெக்டன் தொழிற்சாலையில் உருவாகிவரும் டொயோட்டா. மற்றொன்று, இன்று கரீகா என்று பெயர் மாறியிருக்கும் யூட்டன்ஹேகில் உருவாகும் ஃபோக்ஸ்வேகன். 1984 முதல் 2009 வரை வந்த சிட்டி கோல்ஃப் வண்டிகள் இன்றும் எத்தனையோ வீட்டு வாசலில் நிற்கின்றன.

டொயோட்டாவில் 8, 10, 12, 14, 17, 19 மில்லிமீட்டர் அளவுகளே திரும்பத் திரும்ப வரும். சக்கர நட்டுக்கு 21. இவற்றில் 10, 12, 14 ஆகிய மூன்றுமே வேலையில் பாதியை முடித்துவிடும். ஃபோக்ஸ்வேகனில் 12-க்கும் 14-க்கும் வேலை குறைவு, 13-தான் ராஜா. அதோடு 10, 16, 17, 19 வேண்டும், சக்கர போல்ட்டுக்கு 17. ஆனால் அங்கே நட்சத்திரத் தலை கொண்ட டார்க்ஸ் போல்ட்டுகளும், பல பற்கள் கொண்ட ஸ்ப்லைன் போல்ட்டுகளும், அறுகோணக் குழி போல்ட்டுகளும் நிறைய உண்டு. ஸ்ப்லைன் போல்ட்டில் டார்க்ஸ் பிட்டை அழுத்தித் திருப்பிப் பார்ப்பவர்கள் ஒரே முயற்சியில் அதன் பற்களைச் சிதைத்துவிடுகிறார்கள். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் ஒன்றல்ல. போலோ வைத்திருப்பவர் ஸ்பானரில் மிச்சம் பிடித்தாவது நல்ல பிட் தொகுதி ஒன்று வாங்க வேண்டும்.

சாக்கெட்டைத் திருப்பும் ராட்செட் கைப்பிடியில் 3/8 அங்குலச் சதுரம் கொண்டதை முதலில் வாங்குங்கள், எஞ்சின் வேலையில் பெரும்பகுதி அதிலேயே நடக்கும். சக்கரம், சஸ்பென்ஷன் வேலைக்கு 1/2 அங்குலக் கைப்பிடியும், இறுகிப்போனதைக் கழற்ற 60 சென்டிமீட்டர் நீளமுள்ள நேர்க் கம்பிக் கைப்பிடி ஒன்றும் பிறகு சேரலாம். ராட்செட்டின் மேல் குழாயைச் செருகி நெம்பினால் உள்ளே இருக்கும் பற்கள் உடைந்துபோகும். அந்த வேலைக்குத்தான் நேர்க் கம்பிக் கைப்பிடி இருக்கிறது.

தாத்தாவின் பழைய ஸ்பானர் பெட்டி இருக்கிறது. அது பயன்படுமா?

அந்தப் பெட்டியை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். ஆனால் அதில் உள்ளவை பெரும்பாலும் அங்குல அளவிலானவை என்பதை அறிந்து பயன்படுத்துங்கள். 3/4 அங்குலம் என்பது 19.05 மில்லிமீட்டர், ஆகவே அது 19-க்குச் சரியாகப் பொருந்தும். 1/2 அங்குலம் 12.7 மில்லிமீட்டர்தான், 13 போல்ட்டில் ஏறவே ஏறாது. ஆபத்து இடைப்பட்டவற்றில்தான் இருக்கிறது: 9/16 அங்குலம் 14.29 மில்லிமீட்டர் என்பதால் அது 14 போல்ட்டில் ஏறும், கொஞ்சம் ஆடும், பலம் கொடுத்ததும் முனைகளை மழுக்கிவிடும். 11/16 அங்குலத்துக்கும் 17-க்கும் இடையே உள்ள கதையும் இதுவே. சுத்தியல், அரம், உளி, வைஸ் ஆகியவற்றுக்கு இந்தக் கணக்கு எதுவும் இல்லை. பழைய வைஸின் எஃகு இன்று மலிவாகக் கிடைப்பவற்றை விடப் பெரும்பாலும் மேலானது.

விலை உயர்ந்த கருவிக்கும் மலிவானதற்கும் உண்மையில் வேறுபாடு உண்டா?

சிலவற்றில் உண்டு, சிலவற்றில் இல்லை. சில ஆண்டுகளுக்கு முன் பிரேக் காலிப்பர் போல்ட் ஒன்றை மலிவான பன்னிரு முனைச் சாக்கெட்டால் கழற்ற முயன்றேன். சாக்கெட் விரிந்தது, போல்ட்டின் தலை உருண்டையானது. அரை மணி நேர வேலை இரண்டு நாளாக நீண்டு, கடைசியில் தலையை அரத்தால் தேய்த்து வேறு அளவுக்குக் கொண்டுவந்து கழற்றினேன். அன்று முதல் அறுமுனைச் சாக்கெட்டையே வாங்குகிறேன். அறுமுனைச் சாக்கெட் போல்ட்டின் பக்கங்களைப் பிடிக்கிறது. பன்னிரு முனை, மூலைகளை மட்டும் பிடிக்கிறது. கடற்காற்றில் துருப்பிடித்த நம் வண்டிகளுக்கு அறுமுனைதான் சரி.

பலம் ஏறும் இடங்களில், அதாவது சாக்கெட், ரிங் ஸ்பானர், பிட், பிரேக் குழாய் ஸ்பானர் ஆகியவற்றில் தரத்துக்குப் பணம் கொடுங்கள். குரோம் வனேடியம் எஃகு என்று பொறித்திருப்பது நல்லது, ஆனால் அந்த எழுத்து மட்டும் தரத்துக்குச் சான்று ஆகாது; தாடைகள் ஒரே தடிப்பாக உள்ளனவா, வளையத்தின் உட்புறம் கூர்மையாக வெட்டப்பட்டிருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். புனல், தட்டு, தூரிகை, காந்தக் கிண்ணம், எண்ணெய் பிடிக்கும் பாத்திரம் போன்றவற்றை எங்கே மலிவோ அங்கே வாங்கலாம்.

ஸ்க்ரூட்ரைவரில் கவனிக்க ஏதாவது உண்டா?

ஒன்று உண்டு. ஜப்பானிய வண்டிகளிலும் மோட்டார்சைக்கிள்களிலும் உள்ள கூட்டல் குறித் திருகுகள் பலவும் ஜிஸ் என்னும் ஜப்பானியத் தரத்தில் செய்யப்பட்டவை. சாதாரண ஃபிலிப்ஸ் முனை அதில் முழுதும் இறங்காமல் மேலே ஏறி வழுக்கும். ஜிஸ் முனை கொண்ட 2-ஆம் எண் ஸ்க்ரூட்ரைவர் ஒன்று இருந்தால் திருகுகள் கெடாமல் இருக்கும்.

குறித்த முறுக்கு விசை வந்ததும் உணர்த்தும் டார்க் ரெஞ்ச் அவசியமா? கைப்பழக்கத்தில் இறுக்கினால் போதாதா?

கைப்பழக்கத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அது முப்பது ஆண்டு வேலை செய்த மெக்கானிக்கின் கையில் இருக்கிறது, நம் கையில் இல்லை. கொரோலாவின் சக்கர நட்டுக்கு 103 நியூட்டன் மீட்டர், சிட்டி கோல்ஃபின் சக்கர போல்ட்டுக்கு 110 என்பது தயாரிப்பாளர் குறித்த முறுக்கு விசை. இதை விடக் குறைந்தால் சக்கரம் தளரலாம்; மிக அதிகமானால் போல்ட் நீண்டு பலவீனமாகும், பிரேக் வட்டும் நெளியலாம். அலுமினியத் தலையில் ஸ்பார்க் பிளக் மாட்டும்போதோ 20 நியூட்டன் மீட்டருக்கு அருகிலேயே நிறுத்த வேண்டும், கை அங்கே எளிதாக இரண்டு மடங்கு போய்விடும். உங்கள் வண்டிக்கு உரிய அளவைக் கையேட்டில் பார்த்து, கராஜ் சுவரில் எழுதி ஒட்டிவையுங்கள்.

ஒரே ரெஞ்ச் எல்லாவற்றுக்கும் உதவாது. எந்த டார்க் ரெஞ்சும் தன் உச்ச அளவின் ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே நம்பத்தக்கதல்ல. 200 வரை போகும் ரெஞ்சைக் கொண்டு 20-இல் பிளக்கை இறுக்குவது குத்துமதிப்பான வேலைதான். சக்கரத்துக்கு 40 முதல் 200 வரை உள்ள 1/2 அங்குல ரெஞ்சை முதலில் வாங்குங்கள், பிறகு எஞ்சின் வேலைக்கு 3/8 அங்குலத்தில் சிறியதை வாங்கலாம். வேலை முடிந்ததும் கிளிக் ரெஞ்சை அதன் மிகக் குறைந்த அளவுக்குத் திருப்பி வையுங்கள், இல்லையேல் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் அழுந்திய நிலையிலேயே கிடந்து அளவு தவறும். போல்ட்டைக் கழற்ற அதைப் பயன்படுத்தவே கூடாது. 12 மாதத்துக்கு ஒருமுறை அல்லது 5,000 முறை இறுக்கிய பின் சரிபார்க்க வேண்டும் என்பது பன்னாட்டுத் தரமான ஐஎஸ்ஓ 6789 சொல்லும் அளவு.

காற்றை அழுத்தித் தரும் கம்ப்ரசர் வாங்கலாமா, நட்டைத் தட்டிச் சுழற்றும் பேட்டரி இம்பாக்ட் ரெஞ்ச் வாங்கலாமா?

வீட்டு வேலைக்கு 18 வோல்ட் பேட்டரி இம்பாக்ட் ரெஞ்சே மேல் என்பது என் தீர்மானமான கருத்து. சக்கர நட்டைக் கழற்ற 300 முதல் 400 நியூட்டன் மீட்டர் தரும் இயந்திரம் போதும். குழாய் காலில் சிக்காது. அக்கம்பக்கத்தார் ஞாயிறு காலையில் கம்ப்ரசர் ஓடும் சத்தம் கேட்டு எழுந்து வரமாட்டார்கள். மின்சாரம் போனாலும் வேலை நிற்காது. 2023-இல் லோட்ஷெடிங் என்னும் முறைவைத்த மின்வெட்டு ஆறாம் நிலை வரை போன நாட்களில், பாதி கழற்றிய வண்டியோடு இருட்டில் உட்கார்ந்திருந்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் இம்பாக்ட் ரெஞ்சால் கழற்றுங்கள், இறுக்குவதை டார்க் ரெஞ்சால் முடியுங்கள்.

டயருக்குக் காற்றடிக்க, தூசி ஊத, பெயின்ட் அடிக்க வேண்டும் என்பவர் கம்ப்ரசர் வாங்கலாம். பெட்டியில் எழுதியிருக்கும் குதிரைத் திறனையும், பிஸ்டன் உறிஞ்சும் காற்றின் அளவையும் பார்த்து ஏமாறாதீர்கள். உண்மையில் வெளியே கிடைக்கும் காற்று நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று கேளுங்கள். 2 குதிரைத் திறனும் 50 லிட்டர் தொட்டியும் கொண்ட சாதாரணக் கம்ப்ரசர் 200 லிட்டர் என்று விளம்பரம் செய்தாலும், வெளியே வருவது அதைவிடக் கணிசமாகக் குறைவு. காற்றடிக்கவும் ஊதவும் அது போதும். தொடர்ந்து காற்றைத் தின்னும் தேய்ப்பு இயந்திரத்துக்குப் போதாது. ஜோஹன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் இருக்கும் உறவினர்கள் இன்னும் ஒன்றைக் கணக்கில் சேர்க்க வேண்டும். அந்த நகரம் கடல் மட்டத்துக்கு 1,750 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே காற்றழுத்தம் டர்பனை விட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு, அதே கம்ப்ரசர் அங்கே தொட்டியை நிரப்ப அதிக நேரம் ஓடும்.

டர்பனின் ஈரக்காற்றில் தொட்டிக்குள் தண்ணீர் சேர்வது தவிர்க்க முடியாதது. ஒவ்வொரு நாள் வேலை முடிந்ததும் அடியில் உள்ள திருகைத் திறந்து அதை வடித்துவிடுங்கள். உட்புறம் துருவால் மெலிந்த தொட்டி வெடிக்கும்.

கராஜில் உள்ள மின்சாரம் இவற்றைத் தாங்குமா?

நம் மூன்று உருண்டைக் கம்பிப் பிளக் 16 ஆம்பியர் தாங்கும். 230 வோல்ட்டில் அது 3,680 வாட். கிரைண்டர், கம்ப்ரசர், 2.5 மில்லிமீட்டர் கம்பி எரிக்கும் சிறிய இன்வெர்ட்டர் வெல்டிங் இயந்திரம் ஆகியவற்றைத் தனித்தனியே ஓட்ட அது போதும், சேர்த்து ஓட்டப் போதாது. சுருளில் சுற்றிய நீட்டிப்புக் கம்பியை முழுதும் அவிழ்த்த பிறகே பயன்படுத்துங்கள்; சுற்றியபடியே கிரைண்டரை ஓட்டினால் உள்ளே சூடேறி உறை உருகும். பழைய வீடுகளில் கராஜ் கட்டடம் பிற்காலத்தில் சேர்க்கப்பட்டிருக்கும், அதற்குப் போன கம்பி முறையாக இழுக்கப்பட்டதா என்பது ஐயமே. பிளக்குகள் எல்லாம், மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் எர்த் லீக்கேஜ் பாதுகாப்புக்குள் இருக்கின்றனவா என்று பதிவு பெற்ற மின்பணியாளரைக் கொண்டு பார்த்து, அவரிடம் இணக்கச் சான்றிதழும் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஸ்கேனர் வாங்கினால் பழுதைக் கண்டுபிடித்துவிடலாமா?

வண்டியின் கணினியில் பதிவான பழுதுக் குறியீடுகளைப் படிக்கும் ஸ்கேனர், பழுது எந்தப் பக்கம் என்று காட்டும், எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்று சொல்லாது. ஆக்சிஜன் சென்சார் குறியீடு வந்தவுடன் சென்சாரை மாற்றி, பிறகு புகைக்குழாயில் இருந்த ஓட்டைதான் காரணம் என்று தெரிந்துகொண்டவர்கள் பலர். பழைய சிட்டி கோல்ஃப், டாஸ் போன்ற வண்டிகளோடு மலிவான ப்ளூடூத் கருவி பேசாமலே போகலாம். வாங்கும் முன், நண்பரின் கருவியை உங்கள் வண்டியில் மாட்டிப் பாருங்கள்.

வோல்ட் முதலியவற்றை அளக்கும் மல்டிமீட்டரை அதற்கு முன்னதாகவே வாங்குங்கள். ஓய்வில் இருக்கும் பேட்டரி 12.6 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதிதான். பழைய வண்டிகளில் எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை ஏறாவிட்டால் பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரையோ அதன் கம்பியையோ பார்க்க வேண்டும். காலையில் வண்டி கிளம்பாத நிலைகளில் பாதிக்கு இந்த மூன்று எண்களே விடை சொல்லிவிடும்.

கருவிகள் ஆறு மாதத்தில் துருப்பிடிக்கின்றன. என்ன செய்வது?

கடலுக்கு அருகில் வாழ்வதன் விலை இது. உப்பும் ஈரமும் சேர்ந்த காற்று, குரோம் பூச்சு சிறிதளவு பெயர்ந்த இடத்திலும் உள்ளே நுழைந்துவிடும். ஆனால் காரணம் கடல் மட்டுமல்ல. நீச்சல் குளம் உள்ள வீடுகளில் குளோரின் வாளியையும் அமிலக் கேனையும் கராஜிலேயே வைக்கிறார்கள். மூடி இறுக்கமாக இருந்தாலும் கசியும் ஆவி, அதே அறையில் உள்ள எஃகு முழுவதையும் பழுப்பாக்கிவிடும். வேறு எதையும் செய்யும் முன் அவற்றை வெளியே எடுத்து, காற்றோட்டமான தனி இடத்தில் வையுங்கள்.

அதன் பிறகு, கருவிகளைச் சுவரில் திறந்தபடி தொங்கவிடாமல் இழுப்பறைப் பெட்டியில் வைத்து, ஒவ்வொரு இழுப்பறையிலும் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பைகளைப் போடுங்கள். வியர்வைக் கையால் தொட்டதை எண்ணெய்த் துணியால் துடைத்தே உள்ளே வையுங்கள். ஆயுத பூஜைக்குக் கருவிகளை வெளியே எடுத்துத் துடைத்துப் பொட்டு வைக்கும் வழக்கம் நம்மில் பல வீடுகளில் தொடர்கிறது. என் வீட்டில் அந்த நாளில் ஜாக்கில் எண்ணெய் கசிகிறதா, ஸ்டாண்டின் பற்றவைப்பில் விரிசல் உண்டா, சுத்தியலின் பிடி ஆடுகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பதும் பூஜையின் பகுதியாகவே ஆகிவிட்டது.

பழைய கருவிகளை வாங்கலாமா?

ஸ்பானர், வைஸ், சுத்தியல் ஆகியவற்றைத் தாராளமாக வாங்கலாம். ஜாக், ஸ்டாண்ட், டார்க் ரெஞ்ச் ஆகியவற்றைப் பழையதாக வாங்காதீர்கள். அவை என்ன பாடுபட்டன என்பதை வெளியிலிருந்து பார்த்து அறிய வழியில்லை. பழைய பொருள் விற்பவர்கள் காவல்துறையிடம் பதிவு செய்திருக்க வேண்டும் என்று 2009-ஆம் ஆண்டின் சட்டம் சொல்கிறது, ஆகவே ரசீது கேட்டே வாங்குங்கள். யாரோ ஒரு மெக்கானிக்கின் பக்கியிலிருந்து திருடப்பட்ட பெட்டி நம் வீட்டுக்கு வந்துவிடக் கூடாது.

வாங்கவே வேண்டாம் என்று சொல்லும் கருவி ஏதாவது?

சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கை அமுக்கும் இரட்டைக் கொக்கித் திருகு. அமுங்கிய ஸ்பிரிங் நழுவினால் எதிரே நிற்பவர் பிழைப்பது அரிது. ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த ஸ்ட்ரட்டை நீங்கள் கழற்றுங்கள், ஸ்பிரிங்கை மாற்ற, சுவரில் பதித்த அமுக்கி உள்ள பட்டறைக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

பாதுகாப்புக்கு வேறு என்ன வேண்டும்?

கண்ணாடி, கையுறை, வாசலுக்கு அருகில் மாட்டிய ஒரு உலர் தூள் தீயணைப்பான். கதவை மூடிக்கொண்டு எஞ்சினை ஓட்டாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. பிரேக் தூசியை வாயாலோ காற்றாலோ ஊதாமல், பிரேக் கிளீனர் தெளித்து ஈரமாக்கித் துடையுங்கள். முன்பு பிரேக் ஷூக்களில் சேர்க்கப்பட்ட, நுரையீரலைக் கெடுக்கும் ஆஸ்பெஸ்டாஸ் தென்னாப்பிரிக்காவில் 2008-இல்தான் தடை செய்யப்பட்டது, பழைய வண்டியின் பிரேக் டிரம்மில் எந்தக் காலத்து ஷூ இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

கழிவு எண்ணெயை என்ன செய்வது?

எண்ணெய் பிடிக்கும் பாத்திரம் 10 லிட்டர் கொள்ளட்டும், ஏனெனில் டீசல் ஹைலக்ஸிலிருந்து 7 லிட்டர் அளவுக்கு வரும். அதை வடிகாலில் ஊற்றினால் மழையோடு ஆற்றுக்கும் கடலுக்கும் போய்ச் சேரும்; களை சாகட்டும் என்று வேலியோரம் ஊற்றுவதும் அதே குற்றம்தான். காலியான 5 லிட்டர் கேன்களில் நிரப்பி, தண்ணீரோ பிரேக் ஆயிலோ கூலன்ட்டோ கலக்காமல் மூடி வையுங்கள். கலந்துவிட்டால் மறுசுழற்சிக்கு உதவாது. 1994 முதல் இயங்கிவரும் ரோஸ் ஃபவுண்டேஷன் நாடு முழுவதும் கழிவு எண்ணெய் சேகரிப்பை ஒழுங்குபடுத்தி வருகிறது. அருகிலுள்ள சேகரிப்பு இடம் எது என்று அவர்களிடம் கேட்டு, பழைய ஃபில்டரையும் எண்ணெய் வடித்த பின் கேன்களோடு சேர்த்துக் கொண்டுபோய்க் கொடுங்கள்.